கண்ணுக்கு முன்னே ஒரு தகடு

ஹெல்மெட் வைசரின் கனம் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். வண்டியில் போகும்போது சாலை, பள்ளம், குறுக்கே வரும் மாடு, எதிரே வரும் லாரி எல்லாம் அந்த இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டித்தான் நம் கண்ணுக்கு வந்து சேர்கின்றன. எஞ்சின் ஆயிலைக் கணக்கு வைத்து மாற்றுகிறோம். செயினுக்கு எண்ணெய் விடுகிறோம். டயரைக் கட்டைவிரலால் அழுத்திக் காற்றுப் பார்க்கிறோம். வைசரை மட்டும் சட்டை நுனியால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

புரட்டாசி முடியப் போகிறது. சாயங்காலங்களில் கிழக்கே இருட்டுகிறது. மழை வந்தபின் எழுதினால் யாருக்கும் பயனில்லை என்பதால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

*

தமிழ்நாட்டின் ஓராண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. சென்னையில் பாதிக்கும் மேல். மற்ற மாதங்களில் நம் வண்டிகள் பெரும்பாலும் புழுதியில் ஓடுகின்றன. அந்தப் புழுதி மாதங்களில் வைசருக்கு நாம் செய்ததெல்லாம் ஐப்பசி அடைமழையில்தான் வெளியே தெரிகிறது.

பகலில் மெல்லிய கீறல்கள் கண்ணில் படுவதில்லை. கண் தூரத்துச் சாலையில் நிலைத்திருக்கும்போது, முகத்துக்கு அருகே இருக்கும் கோடுகள் கலங்கி மறைந்துபோகின்றன. இரவில், ஈரச் சாலையில், எதிரே ஒரு பேருந்து ஹைபீமில் வரட்டும். ஒவ்வொரு கீறலும் அந்த ஒளியை வாங்கிச் சிதறடிக்கிறது. விளக்கைச் சுற்றி ஊசி ஊசியாக வெளிச்சம் விரிகிறது. சாலையோரம் குடை பிடித்து நடந்துபோகிறவர் அந்த வெளிச்சத்துக்குள் காணாமல் போகிறார். நான் இந்தச் சிறு விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வது அந்த மனிதருக்காகத்தான்.

தூசி என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு நுண்மணல். மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். தாதுக்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7-ஆம் இடத்தில் இருக்கிறது. வீட்டுக் கத்தியின் எஃகையே அது கீறும். சிக்னலில் நிற்கும் அரை நிமிடத்தில் உலர்ந்த கைக்குட்டையால் வைசரைத் துடைக்கும்போது, துணிக்கும் தகட்டுக்கும் நடுவே அந்தக் குவார்ட்ஸ்தான் உருள்கிறது. துடைத்து முடித்ததும் தகடு பளிச்சென்றுதான் இருக்கும். அந்தப் பளிச்சைப் பார்த்துத் திருப்தியோடு கியரைப் போடுகிறோம்.

*

வைசர் கண்ணாடி அல்ல. எல்லோரும் ஹெல்மெட் கண்ணாடி என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1953-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல் அதைக் கண்டறிந்தார். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த டேனியல் ஃபாக்ஸ், ஷ்னெல்லைப் பற்றி எதுவும் தெரியாமலே, சில நாள் இடைவெளியில் அதே பொருளை வந்தடைந்தார். ஃபாக்ஸ் தேடியது மின்கம்பிக்கு ஒரு மேலுறை. கலக்கிக்கொண்டிருந்த குச்சியைச் சுற்றியே அது கட்டியாக இறுகிவிட்டது. அடித்தும் உடையவில்லை என்று சொல்வார்கள். பிறகு சந்திரனில் நடந்த அப்போலோ வீரர்களின் முகத்தைச் சூழ்ந்திருந்த கோளமும் பாலிகார்பனேட்தான்.

இந்தப் பொருளின் சுபாவத்தை நினைத்துக்கொண்டே அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பெரிய அடியைத் தாங்குகிறது, சின்ன உரசலைத் தாங்குவதில்லை. சாலையில் எகிறி வரும் ஜல்லியை நிறுத்துகிறது; ஒரு மணல் துகளுக்குத் தழும்பு ஏற்கிறது. இதைத் தெரிந்துதான், தரமான வைசர்களின் மேல் சில மைக்ரான் கனத்தில் ஒரு கடினப் பூச்சு கொடுக்கிறார்கள். அது ஒருமுறை போய்விட்டால் வீட்டில் மறுபடி கொண்டுவர வழியில்லை. பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. பற்பசை என்பது நுண்ணிய அரம். கீறலைச் சுற்றி நன்றாக இருந்த பூச்சையும் சேர்த்து அது எடுத்துவிடும். தனித்தனிக் கோடுகள் போய், ஓரிடம் முழுக்க மங்கல் வந்து சேரும். நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

*

கழுவுவது எளிமையான வேலை. அவசரப்படாமல் செய்ய வேண்டும் என்பதைத் தவிர அதில் நுட்பம் எதுவும் இல்லை. அவசரப்படாமல் ஒரு வேலையைச் செய்ய இடம் கிடைப்பதும் அரிதாகிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இதற்கென்று உட்காருவதை நான் விரும்புகிறேன்.

முதலில் வைசரைக் கழற்ற வேண்டும். சில ஹெல்மெட்டுகளில் பக்கத்துக்கு ஒரு திருகு இருக்கும். சிலவற்றில் முழுதாக மேலே தூக்கி ஒரு பொத்தானை அழுத்தினால் விட்டுக்கொடுக்கும். பிடிவாதமாக இழுத்தால், வைசரைப் பிடித்திருக்கும் பல்சக்கரம் போன்ற பகுதி உடையும். ஆகவே எந்தப் பக்கம் எப்படி விடுகிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். அதில் ஒரு சொட்டு ஷாம்பு. வைசரை மூழ்க வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். தண்ணீரின் வேலையைத் தண்ணீர் செய்யட்டும். உலர்ந்த தூசி ஊறி, தகட்டை விட்டுத் தானாகக் கழன்று அடியில் இறங்கும். பத்து நிமிடம் கழித்துப் பேசினின் அடியைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். கைக்குட்டையால் துடைத்திருந்தால் அத்தனையும் தகட்டின் மேல் கோடு போட்டிருக்கும்.

பிறகு விரல் நுனிகள். ஸ்பாஞ்சும் வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை அந்தப் பக்கம் கொண்டுவரவே கூடாது. நனைந்த விரல் தகட்டின் மேல் வழுக்கிப் போகும்போது, எங்கே ஒரு துகள் இன்னும் ஒட்டியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். துணிக்கு அது தெரியாது. துகள் தட்டுப்பட்ட இடத்தில் விரலை நிறுத்தி, மேலும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் அது போய்விடும். அந்த ஒரு கணம் நிறுத்துவதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

ஓடும் தண்ணீரில் அலசி, ஒற்றி எடுக்க வேண்டும். இழுத்துத் துடைக்கக் கூடாது. மைக்ரோஃபைபர் துணி இருந்தால் நல்லது. ஆனால் துணிகளுக்கு மணம் கொடுக்கும் கண்டிஷனர் திரவத்தில் அதைத் துவைக்கக் கூடாது. இழைகளில் அது படிந்து ஈரம் உறிஞ்சும் குணம் குறைந்துவிடும். மைக்ரோஃபைபர் இல்லையென்றால், பலமுறை வெளுத்து நைந்த பருத்தி வேட்டியின் ஒரு துண்டு போதும். ஒர்க்‌ஷாப்களில் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் மென்மையாகத்தான் இருக்கும். திருப்பூரில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் அவை. எண்ணெய்க் கையைத் துடைக்க அதைவிடச் சிறந்தது கிடையாது. ஆனால் அங்கே தரையில் கிடந்து இரும்புத் தூளை வாங்கியிருக்கும் துண்டு எது என்று நமக்குத் தெரியாது. வைசருக்கு அது ஆகாது.

ஒரு மெக்கானிக், எனக்கு வயதில் மிகவும் சின்னவர், வைசரை நான் தொடப் போகும்போது தடுத்துச் சொன்னது நினைவிருக்கிறது: "மொதல்ல தண்ணிய ஊத்துங்கண்ணே. அப்புறம் கைய வைங்க." இந்தக் குறிப்புகள் முழுவதையும் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடக்கிவிடலாம்.

*

ஈசல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

நல்ல மழை பெய்து விட்ட அந்தியில் மண்ணுக்குள்ளிருந்து ஈசல்கள் எழும்பி வெளிச்சத்தை நோக்கி வருகின்றன. ஊருக்கு வெளியே, ஏரிக்கரை ஓரச் சாலைகளில், முகப்பு விளக்கின் முன்னால் திரை போல நிற்கும். கறையான்களில் சில மட்டும் இறகு முளைத்து ஈசலாகின்றன. அவையும் ஒரே ஒரு முறைதான் பறக்கின்றன. தரையில் இறங்கியதும் இறகை உதிர்த்துவிடுகின்றன. அந்த ஒரு பறத்தலின் நடுவே நம் வைசர் குறுக்கே போகிறது.

மோதிய பூச்சியின் உடல்நீர் காய்ந்தால் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். போகிற போக்கில் கையால் தேய்த்தால் பார்வை முழுவதும் பூசிக்கொள்ளும். வண்டியை ஓரம் கட்டி, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, நனைந்த துணி ஒன்றை வைசரின் மேல் போர்த்திக் காத்திருப்பதே வழி. கால்மணி நேரத்தில் இளகிவிடும். பிறகு ஒற்றினால் துணியோடு வந்துவிடும். நகத்தால் சுரண்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தகட்டுக்காகவும் சொல்கிறேன், அந்த உயிருக்காகவும் சொல்கிறேன்: நகத்தை வைக்காதீர்கள்.

*

எதைத் தொடக் கூடாது என்பதும் முக்கியம்.

ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. கண்ணாடிக்கு அதனால் ஒன்றுமில்லை. பாலிகார்பனேட்டை அம்மோனியாவும் மற்றக் காரங்களும் மெல்ல அரிக்கும். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் ஆகியவை இன்னும் மோசம். வளைத்துப் பொருத்திய தகட்டுக்குள் எப்போதும் ஓர் இழுவிசை இருக்கிறது. கரைப்பான் பட்டதும் அந்த இழுவிசை உள்ள இடங்களில் மயிரிழை போன்ற விரிசல்கள் கிளம்பும். முதலில் ஒரு மங்கல்தான் தெரியும். ஆனால் அப்படிப்பட்ட தகடு, அடி விழும்போது தாங்க வேண்டியதைத் தாங்காது. தார் ஒட்டியிருந்தால்கூட பெட்ரோல் தோய்த்த துணியை எடுக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரும் பொறுமையும் பெரும்பாலானவற்றை எடுத்துவிடும். எடுக்கவில்லை என்றால் வைசரை மாற்றிவிடலாம்.

செய்தித்தாள் காகிதமும் வேண்டாம்.

*

மழைத்துளிக்கு வருகிறேன்.

இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு மழைத்துளி, நொடிக்கு ஏறத்தாழ ஆறரை மீட்டர் வேகத்தில் கீழே இறங்குகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் முன்னே போகிறது. இரண்டையும் சேர்த்தால், வண்டியோட்டிக்கு மழை மேலிருந்து பெய்வதில்லை, முன்னாலிருந்து பெய்கிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ எழுபது பாகை சாய்ந்து முகத்துக்கு நேராக வருகிறது. திறந்த கண்ணில் அது படும்போது ஊசி குத்துவது போலிருப்பதற்குக் காரணம் இதுதான். கடைத் திண்ணையில் ஒதுங்கி நிற்கும்போது அதே மழை எவ்வளவு சாதுவாக இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். மழை மாறவில்லை. நாம் அதற்குள் போகிற வேகம்தான் அதை அப்படி ஆக்குகிறது.

காரில் வைப்பர் இருக்கிறது. அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் 1903-இல் கையால் இயக்கும் வைப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். இருசக்கர வண்டிக்காரருக்கு இன்றும் இடக்கைதான் வைப்பர். வலக்கை ஆக்சிலரேட்டரில் இருப்பதால் அது அசையக் கூடாது. மழைக்கான சில கையுறைகளில் இடது விரலில் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்றைத் தைத்தே கொடுக்கிறார்கள். ஓடும் மழையில் தகடு ஏற்கெனவே நனைந்து கழுவப்பட்டிருப்பதால் அந்தத் துடைப்பு அவ்வளவு தீங்கு செய்யாது. மழையின் முதல் ஐந்து நிமிடத்தில் மட்டும் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். அப்போது தகட்டில் இருப்பது தண்ணீரல்ல, சேறு.

நெடுஞ்சாலையில் இன்னொரு வழி உண்டு. தலையைச் சற்று இடமும் வலமுமாகத் திருப்பினால் காற்றே துளிகளைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் அசைக்கப் பழக வேண்டும்.

*

துளியைத் தங்கவிடாமல் செய்யும் பூச்சுகளைப் பற்றி.

ஒரு பரப்பில் விழுந்த துளி உருண்டு நிற்குமா, பரந்து படியுமா என்பதை, துளியின் விளிம்பு அந்தப் பரப்போடு செய்யும் கோணத்தை வைத்துச் சொல்கிறார்கள். ஆங்கிலேய அறிவியலாளர் தாமஸ் யங் 1805-இலேயே இதை விளக்கிவிட்டார். கோணம் 90 பாகைக்கு மேல் போனால் அந்தப் பரப்பு தண்ணீரை ஏற்கவில்லை என்று பொருள். தாமரை இலையில் அது 150-ஐயும் தாண்டுகிறது. இலையின் மேல் நுண்ணிய முகடுகளும் மெழுகும் சேர்ந்து இருப்பதால் துளி ஒட்ட இடமின்றி உருண்டு, போகும்போது அழுக்கையும் எடுத்துப் போகிறது என்று ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் 1997-இல் எழுதினார்கள். தாமரை இலைத் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அந்த ஆய்வு ஒரு தனி மகிழ்ச்சியைத் தரும்.

காரின் முன்கண்ணாடிக்கென்று விற்கும் மழைத்தடுப்புத் திரவங்கள் சிலிகோன் வகையைச் சேர்ந்தவை. கண்ணாடியின் மேற்பரப்போடு அவை வேதிப்பிணைப்பாகவே ஒட்டிக்கொள்கின்றன. பிளாஸ்டிக்கில் அப்படிப் பிணைய இடமில்லை; அந்தத் திரவத்தில் உள்ள கரைப்பானோ தகட்டுக்கு ஆகாது. எனவே கார் கண்ணாடிக்கு நன்றாக வேலை செய்கிறது என்பதற்காக அதை எடுத்து வைசரில் தடவக் கூடாது. பிளாஸ்டிக்குக்கு என்றே தனியாகச் செய்து விற்கிறார்கள். போத்தலின் மேல் அப்படி எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்க வேண்டும். கழுவி உலர்த்திய தகட்டின் வெளிப்பக்கத்தில் மட்டும், மிக மெல்லியதாக, ஒரே சீராகத் தடவி, வெயில் படாத இடத்தில் காயவிட்டு, மெத்தென்ற துணியால் மெருகேற்ற வேண்டும். அதிகம் தடவினால் இரவில் எண்ணெய்த் திட்டாகத் தெரியும்.

இது எல்லோருக்கும் வேண்டியதா என்றால், இல்லை என்பதுதான் என் எண்ணம். துளிகள் உருண்டு ஓட அவற்றைத் தள்ளக் காற்று வேண்டும். ஐம்பது, அறுபதில் போகிறவருக்கு அந்தக் காற்று கிடைக்கிறது. மழை நேரத்து அண்ணா சாலையில் அடி அடியாக நகர்கிறவருக்குக் கிடைப்பதில்லை. அங்கே பூச்சு தடவிய வைசரில் துளிகள் மணி மணியாக உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு மணியும் ஒரு வில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் சாலை தலைகீழாகத் தெரியும். நகரத்துக்குள்ளேயே வேலைக்குப் போய்வருகிறவருக்கு, எண்ணெய்ப் பசை இல்லாமல் சுத்தமாகக் கழுவிய தகடு போதும். பேருந்துக்கும் லாரிக்கும் பின்னால் போகும்போது தெறிக்கும் நீரில் டீசல் புகையும் சாலை எண்ணெயும் கலந்திருக்கிறது. அது படிந்த தகட்டில்தான் தண்ணீர் திட்டுத் திட்டாக நின்று பார்வையைக் குழப்பும். வெறும் தண்ணீருக்கு அந்தப் பசை போகாது, சோப்பு வேண்டும்.

வைப்பர் வேலை செய்யாத மழை இரவில், புகையிலைத் தூளை நனைத்து லாரியின் முன்கண்ணாடியில் தேய்ப்பது ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். துளிகள் கலைந்து தண்ணீர் ஒரே படலமாக வழியும். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பவர்களும் உண்டு. வழியில் மாட்டிக்கொண்டவர்களின் அறிவு அது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது கண்ணாடிக்கானது. வைசரில் தூளைத் தேய்க்க வேண்டாம்.

*

இதுவரை எழுதியது வெளிப்பக்கம். உள்பக்கம் இதற்கு நேர் எதிர்.

நம் மூச்சு வெளியே வரும்போது ஏறத்தாழ 34 பாகை வெப்பத்தில், ஈரம் நிரம்பி வருகிறது. மழையில் நனைந்த வைசர் அதைவிடப் பத்துப் பாகை குளிர்ந்திருக்கிறது. மூச்சின் ஈரம் அதன் மேல் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னஞ்சிறு துளிகளாக அமர்கிறது. தண்ணீர் தெளிவானதுதான். துளிகளாகப் பிரிந்து நிற்பதால்தான் வெள்ளை வெளேரென்று மறைக்கிறது. அதே தண்ணீர் படலமாகப் பரவிவிட்டால் ஊடே பார்க்கலாம். வெளிப்பக்கத்தில் தண்ணீரை ஓட்டிவிட வேண்டும். உள்பக்கத்தில் அதைப் பரவவிட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரே தகட்டின் இரண்டு முகங்களுக்கு இரண்டு தர்மம். வெளியில் தடவியதை உள்ளே தடவினால் ஒரு மூச்சிலேயே குருடாகும். இந்த எதிர்மையை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். வெளியிலிருந்து வருவதையும் நமக்குள்ளிருந்து கிளம்புவதையும் ஒரே மாதிரி கையாள முடியாது என்பது வைசருக்கு மட்டுமான விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

1966 ஜூனில் ஜெமினி 9 விண்கலத்துக்கு வெளியே வேலை செய்த யூஜின் செர்னனுக்கு, உழைத்த சூட்டில் முகத்தகடு முழுவதும் மூடுபனி படிந்துவிட்டது. கையை உள்ளே விட முடியாது. மூக்கால் தேய்த்துச் சிறு இடைவெளி உண்டாக்கி, அதன் வழியே பார்த்து அவர் கலத்துக்குத் திரும்பினார். அதன் பிறகு போனவர்களின் முகத்தகடுகளுக்குள் மூடுபனித் தடுப்புக் கரைசல் தடவினார்கள். 2001-இல் கனடாவின் கிரிஸ் ஹாட்ஃபீல்ட் விண்வெளி நிலையத்துக்கு வெளியே மிதந்தபோது, அந்தக் கரைசலே கண்ணுக்குள் போய்ச் சற்று நேரம் பார்வையில்லாமல் நின்றார். புவியீர்ப்பு இல்லாததால் கண்ணீர் வழியாமல் கண்ணிலேயே உருண்டு தேங்கியது. பிறகு கண் எரியாத குழந்தைகள் ஷாம்புவுக்கு மாறிவிட்டார்கள் என்று அவரே ஓர் உரையில் சொல்லியிருக்கிறார்.

ஷாம்பு நமக்கு எட்டாத பொருள் அல்ல. பெட்டிக்கடை முகப்பில் சரம் சரமாகத் தொங்கும் சின்ன பாக்கெட்டுகளுக்குக் கடலூர் சின்னி கிருஷ்ணனை முன்னோடியாகச் சொல்கிறார்கள். ஏழைகளும் வாங்கும்படி பொருள்களைச் சிறு அளவில் கட்ட வேண்டும் என்று நினைத்தவர் அவர். அவர் மகன்களின் நிறுவனங்கள் அந்த எண்ணத்தை ஊர் ஊராகக் கொண்டுபோயின. மழைக்காலத்தில் ஒரு பாக்கெட்டை ரெயின்கோட் பையில் போட்டுக்கொண்டால் போதும். உள்பக்கத்தைக் கழுவி உலர்த்திய பின், ஒரு சொட்டை ஈர விரலால் மெல்லியதாகப் பரப்பி, காயவிட்டு, தெளிவாகும் வரை மென்துணியால் வருட வேண்டும். ஒரு பயணத்துக்கு நிற்கும். அடுத்த மழைக்கு மறுபடி. கண் எரியாத வகையாக இருப்பது நல்லது.

வைசரை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாலும் காற்று உள்ளே வந்து மூடுபனி குறையும். ஊட்டி மலைப்பாதையில் இது போதாது. அங்கே குளிர் அதிகம். பின்லாக் என்ற உள்தகடு பொருத்தும் வசதி சில ஹெல்மெட்டுகளில் இருக்கிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்றை அடைத்து, உள்தகடு குளிராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஈரத்தை உறிஞ்சும்போது அந்த உள்தகடு மிருதுவாகிவிடும். அந்த நிலையில் தொடக் கூடாது. மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் அதற்குச் செலவு செய்யலாம்.

*

வண்டியின் முன்னே நிற்கும் விண்ட்ஷீல்டுக்கும் இதே பாடம்தான். சில அக்ரிலிக், சில பாலிகார்பனேட். அக்ரிலிக்குக்கு ஸ்பிரிட் பட்டால்கூட நுண்விரிசல் வரும். நிழலில் நிறுத்தி, நனைந்த பழைய துண்டைப் போர்த்தி ஊறவிட்டு, அப்புறம் கழுவ வேண்டும்.

அதன் உயரத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பு மூக்குக்குக் கீழே இருந்தால், மழையில் அதன் மேலாகப் பார்த்து ஓட்டலாம். கண்ணுக்கு மேலே போய்விட்டால் நனைந்த இரண்டு தகடுகளின் ஊடே பார்க்க வேண்டிவரும். அழகுக்காக உயரமானதை மாட்டுகிறவர்கள் ஓர் அடைமழை இரவை நினைத்துக்கொண்டு வாங்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை போய்வருகிறவர்களுக்கு உப்பும் சேர்ந்துகொள்கிறது. கல்பாக்கம் தாண்டி, மரக்காணம் உப்பளங்களின் பக்கம் போகும்போது காற்றிலேயே உப்பு இருக்கிறது. வைசரில் ஈரமாகப் படிந்து, காய்ந்ததும் வெள்ளைப் பூஞ்சணம் போல நிற்கும். அது உப்புப் படிகம். உலர்ந்தபடியே துடைத்தால் கீறலாம், தண்ணீரில் உடனே கரையும். வழியில் டீ குடிக்க நிற்கும்போது பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிவிட்டால் அந்த வேலை முடிந்தது.

*

ஹெல்மெட்டின் வரலாறு மண்டையோட்டைப் பற்றிய வரலாறு. 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த பிரிட்டிஷ் எழுத்தாளர் டி.ஈ. லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், பிறகு தலைக்காயங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கி, 1941-இல் ஹெல்மெட் உயிர்காக்கும் என்று ஆதாரத்தோடு எழுதினார். தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயமாயிற்று. இவற்றால் பிழைத்தவர்கள் பலர். ஆனால் அடி விழுந்தபின் காப்பதை நாம் பேசிய அளவுக்கு, அடி விழாமல் காக்கிற பார்வையைப் பேசவில்லை.

மழை வந்ததும் வைசரை மேலே தூக்கிவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முகத்தில் ஊசி ஊசியாக வாங்கியபடி ஓட்டுகிறவர்களை எந்தப் பாலத்தின் மேலும் பார்க்கலாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூடினால் ஒன்றுமே தெரியாத அளவுக்கு அந்த வைசர் கீறியிருக்கிறது; திறப்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே வழி. கறுப்பு வைசர் மாட்டியவர்களுக்கும் இரவில் அதே கதி. ஐரோப்பிய ஈ.சி.ஈ. விதிமுறையில் 80 விழுக்காட்டுக்கும் குறைவாக ஒளியை விடும் வைசர் பகலுக்கு மட்டும்தான். நம் ஊரில் அதை மாட்டிக்கொண்டு கார்த்திகை மாத ராத்திரியில் வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி உங்கள் ஹெல்மெட்டை எடுத்து, அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு பல்பை வைசரின் வழியே பாருங்கள். பல்பைச் சுற்றி வெளிச்சம் கோடு கோடாகச் சிதறினால் கழுவிப் பயனில்லை. சாதாரண ஹெல்மெட்டுகளுக்குப் புது வைசர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது; உங்கள் ஹெல்மெட்டின் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள், இருட்டு நிறம் வேண்டாம், தெளிந்ததாகக் கேளுங்கள். வீட்டில் இன்னொரு ஹெல்மெட் இருந்தால், பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவர் போட்டுக்கொள்வதையும் சேர்த்துப் பாருங்கள். எதை மாட்டினாலும், பெய்கிற பெய்யில் முன்னால் ஒன்றும் தெரியவில்லை என்றால் வண்டியைச் சாலையை விட்டு நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். பின்னால் வருகிறவருக்கும் அப்போது ஒன்றும் தெரியாது.